சிவப்புப் புள்ளிகள் எக்ஸ் கதிரில் ஏன் தெரியவில்லை?

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022-இல் வேலையைத் தொடங்கியதிலிருந்து இரண்டு செய்திகள் மாறி மாறி வருகின்றன. பிரபஞ்சத்தின் இளம் வயதில் சின்னச் சின்னதாய், சிவப்பாய், இறுக்கமான புள்ளிகள் நிறைய இருக்கின்றன, அவை பெருங்கருந்துளைகளாக இருக்கலாம் என்பது ஒன்று. அதே புள்ளிகளை எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் பார்த்தால் அநேகமாக எதுவுமே தெரியவில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் படிப்பவர் குழம்புவது நியாயம்தான். கருந்துளை இரை எடுத்தால் எக்ஸ் கதிர் வரும் என்றுதானே இத்தனை காலம் சொல்லி வந்தார்கள்? அது வரவில்லை என்றால் இவை கருந்துளைகளே இல்லையா?

இதற்கு விடை தேடும்முன், எக்ஸ் கதிர் வானியலில் "தெரியவில்லை" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று பார்த்துவிட வேண்டும். அங்கே அது ஓர் அளவீடு. "இத்தனை நாள் பார்த்தோம், வெளிச்சம் இந்த அளவுக்கு மேல் இல்லை" என்று எண்ணோடு வரும் முடிவு. அந்த எண்ணை எப்படிப் பெறுகிறார்கள் என்பது புரிந்தால், மௌனத்துக்கும் பொருள் இருப்பது புரியும்.

கருந்துளையிலிருந்து எக்ஸ் கதிர் எப்படி வருகிறது

கருந்துளைக்குள் போன ஒளி திரும்பாது. நாம் பார்ப்பது உள்ளே போவதற்கு முன் அந்த வாசலில் நடக்கும் கொந்தளிப்பை. அது மூன்று கட்டமாக நடக்கிறது.

1. விழும் வாயு நேராக விழுவதில்லை. அதற்குச் சுழற்சி இருப்பதால் கருந்துளையைச் சுற்றி ஒரு தட்டாகப் பரவி, உரசி, சூடேறி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சரிகிறது. இதைத் திரள் வட்டு என்பார்கள். பெருங்கருந்துளைகளின் வட்டு பெரும்பாலும் புற ஊதா ஒளியைத்தான் கொட்டுகிறது.

2. அந்த வட்டின் உள்விளிம்புக்கு அருகே, சுமார் 100 கோடி டிகிரி வெப்பத்தில் எலக்ட்ரான்களின் மேகம் ஒன்று இருக்கிறது. இதன் பெயர் கொரோனா. சூரியனின் மேல் அடுக்குக்கு உள்ள அதே பெயர்.

3. வட்டிலிருந்து கிளம்பும் புற ஊதா ஃபோட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், இந்த எலக்ட்ரான்கள் மீது மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் ஆற்றலை வாங்கிக்கொண்டு எக்ஸ் கதிர் ஃபோட்டான்களாக வெளியே வருகின்றன.

ஹைட்ரஜன் ஹீலியமாக எரியும்போது அதன் நிறையில் 0.7 விழுக்காடுதான் ஆற்றலாகிறது. கருந்துளைக்குள் சரியும் பொருளில் சுமார் 10 விழுக்காடு ஆற்றலாக வெளியேறும். அதனால்தான் ஒரு கேலக்ஸியின் நடுவில் இருக்கும் மிகச் சிறிய இடம் அந்தக் கேலக்ஸி முழுவதையும் மிஞ்சி ஒளிர முடிகிறது.

கருந்துளைகளைத் தேடுவதற்கு எக்ஸ் கதிரை விரும்புவதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு கேலக்ஸியைப் பார்த்தால், கோடிக்கணக்கான விண்மீன்களின் வெளிச்சத்தில் நடுவிலுள்ள கருந்துளை கரைந்துவிடும். எக்ஸ் கதிரில் விண்மீன்கள் மிக மங்கல். ஒரு கேலக்ஸியிலிருந்து வரும் எக்ஸ் கதிர் சூரியனின் மொத்த ஒளித்திறனைப் போலச் சில பத்து கோடி மடங்கைத் தாண்டினால், அதை விண்மீன்களின் கணக்கில் எழுதுவது கடினம். உள்ளே இரை எடுக்கும் கருந்துளை இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். அப்புறம், எக்ஸ் கதிர் வாயுவையும் தூசியையும் ஓரளவு துளைத்து வரும். இந்த "ஓரளவு" என்ற சொல் பின்னால் முக்கியமாகப் போகிறது.

நிலாவைத் தேடப் போய்க் கிடைத்த வெளிச்சம்

பூமியின் வளிமண்டலம் எக்ஸ் கதிர்களை முழுக்க விழுங்கிவிடுகிறது. உயிர்களுக்கு அது நல்லது, வானியலுக்குத் தடை. 1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனியும் குழுவினரும் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து ஒரு சிறிய ராக்கெட்டை அனுப்பினார்கள். அதில் இருந்தவை கைகர் எண்ணிகள். சூரியக் கதிர் பட்டு நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் எழுகிறதா என்று பார்ப்பதே திட்டம். ராக்கெட் மேலே பயனுள்ள உயரத்தில் இருந்தது சில நிமிடங்கள் மட்டும்.

நிலா அகப்படவில்லை. விருச்சிக விண்மீன் குழுவின் பக்கம் ஒரு பிரகாசமான மூலம் அகப்பட்டது. கூடவே எந்தப் பக்கம் திரும்பினாலும் சம அளவில் ஒரு மங்கலான எக்ஸ் கதிர் ஒளி. இதற்குப் பின்னணி எக்ஸ் கதிர் என்று பெயர் வந்தது. 2002-இல் ஜியாக்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தத் துறையைத் தொடங்கிவைத்ததுதான் காரணம்.

இந்தப் பின்னணி எங்கிருந்து வருகிறது? இரண்டு யோசனைகள் இருந்தன. கேலக்ஸிகளுக்கு இடையே வெளியெங்கும் பரவிய கொதிக்கும் வாயு என்றார்கள் சிலர். தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாத எண்ணற்ற மங்கலான மூலங்களின் கூட்டு வெளிச்சம் என்றார்கள் மற்றவர்கள். 1989-இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் முதல் யோசனையை முடித்துவைத்தது. அத்தனை சூடான வாயு வழியெங்கும் இருந்திருந்தால் பெருவெடிப்பின் நுண்ணலைப் பின்னணி அதனால் சிதைந்திருக்கும். கோபி அளந்த நிறமாலையில் அப்படி எந்தச் சிதைவும் இல்லை.

மிஞ்சியது இரண்டாவது யோசனை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அருகில் உள்ள, நன்றாகத் தெரிந்த கருந்துளைகளின் எக்ஸ் கதிர் நிறமாலையைக் கூட்டினால் பின்னணியின் நிறமாலை வரவில்லை. பின்னணி சுமார் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் உச்சம் தொடுகிறது, அதாவது கணக்கைவிட "கடினமாக", ஆற்றல் மிகுந்ததாக இருக்கிறது. 1989-இல் ஜியான்கார்லோ செட்டியும் லோடேவிக் வோல்ட்யரும் ஒரு விளக்கம் தந்தார்கள்: பெரும்பாலான கருந்துளைகள் வாயுப் போர்வைக்குள் இருக்கின்றன; ஆற்றல் குறைந்த கதிர்களைப் போர்வை தின்றுவிடுகிறது; ஆற்றல் மிகுந்தவை மட்டும் வெளியே வருகின்றன. ஒரு மங்கல் ஒளியின் சாயலை மட்டும் வைத்து, யாரும் பார்த்திராத ஒரு கூட்டம் அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் துறையில் என்னை அதிகம் கவர்ந்த வாதம் இதுதான்.

குவிப்பதும் எண்ணுவதும்

அந்தக் கூட்டத்தைப் பிரித்துப் பார்க்கக் கூர்மையான தொலைநோக்கி வேண்டும். எக்ஸ் கதிரைச் சாதாரண ஆடியால் திருப்ப முடியாது, நேராகப் பட்டால் உள்ளே புகுந்துவிடும். ஆனால் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக எறிந்தால் நீரில் மூழ்காமல் தத்திக்கொண்டு போவது போல, மிகச் சாய்வாகப் பட்டால் எக்ஸ் கதிரும் பரப்பில் சறுக்கித் திரும்பும். அதனால் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஆடிகள் கிண்ணம் போல இருக்காது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய உருளைகள் போல இருக்கும்.

1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் போன சந்திரா தொலைநோக்கியில் இப்படி நான்கு ஜோடி ஆடிகள், இரிடியம் பூச்சோடு இருக்கின்றன. வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறை வரம்பைக் கணக்கிட்ட சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அதன் கூர்மை சுமார் அரை வில்விநாடி. அதாவது 4 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். அதன் சுற்றுப்பாதை மிக நீளமானது. ஒரு சுற்றுக்குச் சுமார் 64 மணி நேரம். பெரும்பகுதி நேரம் பூமியின் கதிர்வீச்சு வளையங்களுக்கு வெளியே இருப்பதால் ஒரே இடத்தை நெடுநேரம் இடையூறில்லாமல் பார்க்க முடியும்.

சாதாரண கேமராவில் ஒளி வெள்ளமாக வருகிறது. இங்கே ஃபோட்டான்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்று பதிவாகிறது. ஆழமான எக்ஸ் கதிர்க் கணக்கெடுப்பு என்பது படம் பிடிப்பதைவிட எண்ணுவதற்குத்தான் நெருக்கம்.

81 நாள் ஒரே இடத்தில்

தென்வானில் ஃபோர்னாக்ஸ் விண்மீன் குழுவில் ஓர் இடத்தைத் தேர்ந்தார்கள். நம் கேலக்ஸியின் ஹைட்ரஜன் அந்தத் திசையில் குறைவு, அதனால் தொலைவிலிருந்து வரும் மென்மையான, அதாவது ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்கள் வழியில் அதிகம் தொலைவதில்லை. 1999 முதல் 2016 வரை 102 தவணைகளாக அந்த இடத்தையே சந்திரா பார்த்தது. மொத்தம் 70 லட்சம் விநாடிகள், கிட்டத்தட்ட 81 நாட்கள். இதன் பெயர் சந்திரா தென் ஆழ்களம். முழு நிலாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் அதன் அளவு.

2017-இல் வெளியான பட்டியலில் 1008 மூலங்கள் இருந்தன. அவற்றில் 711 கேலக்ஸிகளின் நடுவில் இரை எடுக்கும் பெருங்கருந்துளைகள் என்று இனங்கண்டார்கள். களத்தின் மையத்தில் தொலைநோக்கியின் பார்வை மிகக் கூர்மையாக இருக்கும். அங்கே கிடைத்த நெருக்கத்தை முழு நிலாவின் பரப்புக்கு விரித்தால் சுமார் 5,000 கருந்துளைகள். வானம் முழுக்க விரித்தால் 100 கோடி.

மிக மங்கலான மூலத்திலிருந்து எத்தனை ஃபோட்டான் வந்திருக்கும்? எளிய கணக்கு போட்டால், 81 நாளில் பத்துச் சொச்சம். வாரத்துக்கு ஒன்று. இதை வைத்து ஒரு கருந்துளை இருக்கிறது என்று எப்படித் துணிந்து சொல்வது என்று கேட்கலாம். சந்திராவின் கூர்மைதான் அதற்கு ஆதாரம். ஒரு மூலத்தின் ஃபோட்டான்கள் எல்லாம் மிகச் சிறிய வட்டத்துக்குள் விழுகின்றன. அத்தனை சிறிய வட்டத்தில் தற்செயலாக விழும் வேற்று ஃபோட்டான்கள் மிகக் குறைவு. அதனால் பத்து ஃபோட்டான் ஒரே இடத்தில் குவிந்தால் அது தனித்து நிற்கும்.

இடம் கிடைத்தால் போதாது, தூரமும் வேண்டும். அதற்கு ஹபிள் போன்ற தொலைநோக்கிகளின் படங்களில் அதே இடத்திலுள்ள கேலக்ஸியைத் தேடி, அதன் செம்பெயர்ச்சியை அளக்கிறார்கள். பிரபஞ்சம் விரிவதால் பயண வழியில் ஒளியின் அலைநீளம் எவ்வளவு இழுபட்டது என்பதே செம்பெயர்ச்சி. எண் கூடக் கூட, ஒளி புறப்பட்ட காலம் பழையது.

சரி, ஒரு சின்ன இடத்தை ஆழமாகப் பார்த்தால் போதுமா? போதாது. மிகப் பிரகாசமான கருந்துளைகள் அபூர்வமானவை, அவற்றைப் பிடிக்க அகலமாகப் பார்க்க வேண்டும். அதனால் கணக்கெடுப்புகள் கோபுரம் போல அடுக்கப்பட்டுள்ளன. உச்சியில் ஆழ்களம். நடுவில், 2 சதுர பாகைக்குச் சற்று அதிகமான பரப்பை 46 லட்சம் விநாடி பார்த்து 4,016 மூலங்களைக் கண்ட காஸ்மாஸ் கணக்கெடுப்பு. அடியில், 2019-இல் ஏவப்பட்ட ஈரோசிட்டா. அது வானம் முழுவதையும் மேலோட்டமாகத் துழாவியது. வானத்தின் பாதிக்கு 2024 ஜனவரியில் வெளியான அதன் முதல் பட்டியலில் சுமார் 9 லட்சம் மூலங்கள்.

எண்ணியதிலிருந்து தெரிந்தது

1. வானம் முழுக்கத் தெரிந்த அந்த மங்கல் வெளிச்சம் பெரும்பாலும் கருந்துளைகளுடையது. சந்திரா பார்க்கும் ஆற்றல் எல்லைக்குள் 80 முதல் 90 விழுக்காடு வரை தனித்தனி மூலங்களாகப் பிரிந்துவிட்டது.

2. கருந்துளைகளும் விண்மீன்களும் சேர்ந்தே வளர்ந்தன. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் கேலக்ஸிகளில் விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது. கருந்துளைகளின் தீனியும் ஏறக்குறைய அதே காலத்தில் உச்சம்.

3. பெரியவை முதலில் வளர்ந்தன. மிகப் பிரகாசமான கருந்துளைகளின் உச்சம் முன்னதாகவும், மங்கலானவற்றின் உச்சம் பிந்தியும் வருகிறது. சிறியவை கூடிப் பெரியவை ஆகும் என்ற எளிய எதிர்பார்ப்புக்கு இது தலைகீழ்.

4. கணக்கு டாலியாகிறது. எல்லாக் காலத்துக் கருந்துளைகளும் கொட்டிய ஒளியைக் கூட்டினால், அவை எவ்வளவு பொருளை விழுங்கியிருக்க வேண்டும் என்று தெரியும். ஆண்ட்ஜெய் சோல்டான் 1982-இல் சொன்ன வழி இது. அந்தத் தொகை, இன்று நம் அருகிலுள்ள கேலக்ஸிகளின் நடுவில் உறங்கும் கருந்துளைகளின் மொத்த நிறையோடு பொருந்துகிறது. அவை பெருத்தது பெரும்பாலும் ஒளிர்ந்துகொண்டே இரை எடுத்துத்தான்.

நான்காவது முடிவு மற்றவற்றைத் தாங்கும் தூண். சிவப்புப் புள்ளிகள் எல்லாம் உண்மையிலேயே பெரிய கருந்துளைகள் என்றால் இந்தக் கணக்கில் அவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் வானியலாளர்கள் அவற்றின் நிறையைப் பற்றி இத்தனை கவலைப்படுகிறார்கள்.

போர்வைக்குள் இருப்பவை

செட்டியும் வோல்ட்யரும் சொன்ன மறைந்த கூட்டம் உண்மைதான் என்று ஆழ்களங்கள் காட்டின. ஆனால் எவ்வளவு மறைவு? இதற்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. நம் பார்வைக் கோட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை லட்சம் கோடியைப் போல லட்சம் கோடி மடங்கு ஹைட்ரஜன் அணுக்களைத் தாண்டினால், கதிர்கள் உறிஞ்சப்படுவதோடு எலக்ட்ரான்களில் மோதிச் சிதறவும் தொடங்கும். எண் மிரட்டுகிறது. எடையாகப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிராம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் ஆழ நீர். இந்த எல்லைக்கு அப்பால் உள்ளவை "காம்ப்டன் தடிமன்" கொண்டவை எனப்படும். சந்திரா காணும் ஆற்றல்களில் இவை அநேகமாக அணைந்த விளக்குகள். 2012-இல் ஏவப்பட்ட நூஸ்டார் தொலைநோக்கி அதைவிட ஆற்றல் மிகுந்த கதிர்களைப் பார்த்து இவற்றில் சிலவற்றைப் பிடித்தது. பின்னணியின் உச்சமான 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பகுதி இன்னும் முழுதாகப் பிரிக்கப்படவில்லை.

வயதுக்கு மீறிய வளர்ச்சி

தொலைவில் என்ன இருக்கிறது என்பதற்கு யுஹெச்இசட்1 என்ற கேலக்ஸி நல்ல எடுத்துக்காட்டு. ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் பின்னால் அது இருக்கிறது. கொத்தின் ஈர்ப்பு ஒரு பூதக்கண்ணாடியாகி அதன் ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது. ஜேம்ஸ் வெப் கேலக்ஸியைக் கண்டது, சந்திரா அதே இடத்தில் எக்ஸ் கதிரைக் கண்டது. ஆகோஸ் பொக்டான் தலைமையில் 2023 நவம்பரில் முடிவு வெளியானது. அந்த ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சத்தின் வயது 47 கோடி ஆண்டுகள். கருந்துளையின் நிறை 1 கோடி முதல் 10 கோடி சூரியன்கள் வரை, அதாவது அந்தக் கேலக்ஸியின் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்த நிறையோடு ஒப்பிடத்தக்கது. இன்றைய கேலக்ஸிகளில் கருந்துளையின் பங்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும்.

இது ஏன் சிக்கல்? கருந்துளை ஒளிரும்போது அந்த ஒளியே வெளியிலிருந்து வரும் வாயுவைத் தள்ளுகிறது. அதனால் சாப்பிடும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அதை எடிங்டன் வரம்பு என்பார்கள். அந்த வேகத்தில் இடைவிடாமல் சாப்பிட்டால் சுமார் 5 கோடி ஆண்டுக்கு ஒருமுறை நிறை 2.7 மடங்காகும். முதல் விண்மீன் ஒன்று செத்து 100 சூரிய நிறையில் கருந்துளை ஆனதும் 30 கோடி ஆண்டு மிச்சமிருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆறு முறை பெருகினால் 400 மடங்கு. கிடைப்பது 40,000 சூரியன்கள். தேவை 1 கோடி.

அதனால் பலர் சாய்வது இன்னொரு வழியின் பக்கம்: விண்மீனாகாமலே ஒரு பெரிய வாயு மேகம் நேரடியாகச் சரிந்து, பத்தாயிரம் முதல் லட்சம் சூரிய நிறையுள்ள விதைக் கருந்துளை ஆவது. இப்படிப் பிறந்தால் ஆரம்பத்தில் கருந்துளை தன் கேலக்ஸிக்குச் சமமாக இருக்கும் என்று பிரியம்வதா நடராஜனும் கூட்டாளிகளும் ஏற்கெனவே கணித்திருந்தார்கள். யுஹெச்இசட்1 அந்த வருணனைக்குப் பொருந்துகிறது. ஒரே ஒரு பொருளை வைத்து வழக்கை முடிக்க முடியாது என்றாலும், இது வலுவான சாட்சி.

சரி, சிவப்புப் புள்ளிகள்?

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். சிவப்புப் புள்ளிகள் பெரும்பாலும் பிரபஞ்சத்தின் வயது சுமார் 60 கோடி முதல் 150 கோடி ஆண்டு வரை இருந்த காலத்தவை. அவற்றில் பலவற்றின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் அகன்று தெரிகின்றன. வாயு விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுழன்றால் அப்படி அகலும், அது கருந்துளையின் அடையாளம். ஆனால் சந்திராவின் ஆழ்களங்களுக்குள் விழும் புள்ளிகளில் ஒன்றிரண்டு மட்டுமே எக்ஸ் கதிரில் தெரிந்தன.

தனித்தனியே தெரியாதவற்றை அடுக்கிப் பார்க்கலாம். 1,000 கேலக்ஸிகளின் எக்ஸ் கதிர்ப் படத்துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், ஒரே சராசரிக் கேலக்ஸியை 220 ஆண்டுகளுக்கு மேல் பார்த்ததற்குச் சமம். சிவப்புப் புள்ளிகளையும் இப்படி அடுக்கினார்கள். பல புள்ளிகளைச் சேர்த்தும், அகன்ற கோடுகளிலிருந்து எதிர்பார்த்த அளவைவிட எக்ஸ் கதிர் மிகக் குறைவு.

"தூசி மறைக்கிறது" என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. செம்பெயர்ச்சி 5 உள்ள ஒன்றிலிருந்து நாம் 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் பெறும் ஃபோட்டான், புறப்படும்போது அதைப் போல ஆறு (5+1) மடங்கு, அதாவது 42 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இருந்தது. அத்தகைய கதிரைச் சாதாரணப் போர்வை தடுக்காது. இங்கேதான் மௌனம் அளவீடாகிறது. மறைப்பு என்றால் காம்ப்டன் எல்லையையும் பல மடங்கு தாண்டிய மறைப்பு வேண்டும். முன்வைக்கப்படும் விளக்கங்கள் இவை:

1. கருந்துளையை எல்லாப் பக்கமும் மிக அடர்ந்த வாயுக் கூடு சூழ்ந்திருக்கிறது. இதில் தூசியே தேவையில்லை, வாயு போதும். சில புள்ளிகளின் நிறமாலையில், அடர்ந்த ஹைட்ரஜன் வழியாக ஒளி வந்தால் ஏற்படும் கூர்மையான சரிவு தெரிகிறது. இதை வைத்து "கருந்துளை விண்மீன்" என்ற பெயரும் புழக்கத்துக்கு வந்திருக்கிறது: நடுவில் கருந்துளை, வெளியில் விண்மீனின் மேற்பரப்பு போல ஒளிரும் வாயு.

2. எடிங்டன் வரம்பை மீறிச் சாப்பிடுகிறது. அப்போது வட்டு தடித்து உப்பும், கொரோனா குளிரும், எக்ஸ் கதிர் பிறப்பதே குறையும்.

3. நிறையைக் கூட்டி மதிப்பிட்டிருக்கிறோம். கோடுகள் அகன்றது வேகத்தால் மட்டும் என்று நினைத்தோம். அடர்ந்த வாயுவில் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடித்தாலும் கோடு அகலும். அப்படியானால் கருந்துளைகள் கணித்ததைவிடச் சிறியவை.

4. கருந்துளையே இல்லை, நெருக்கமான விண்மீன் கூட்டம். அத்தனை சிறிய இடத்தில் அவ்வளவு விண்மீன்களை அடைக்க வேண்டியிருப்பதாலும், அகன்ற கோடுகளாலும் இது பெரும்பாலான புள்ளிகளுக்குப் பலவீனமான விளக்கம்.

முதலாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பது என் கணிப்பு. கதிரை விழுங்கும் அதே அடர்ந்த வாயுதான் கோடுகளையும் அகட்டும். அப்படிப் பார்த்தால் சோல்டானின் கணக்கும் குலையாது. ஆகவே "எக்ஸ் கதிர் இல்லை, அதனால் கருந்துளை இல்லை" என்று படித்தால் அதை அப்படியே ஏற்க வேண்டாம்.

இனி எதைப் பார்க்க வேண்டும்

இந்த விளக்கங்களைப் பிரித்தறிய இன்னும் ஆழமான எக்ஸ் கதிர்ப் பதிவு வேண்டும். வாயுக் கூடு என்றால் ஆற்றல் மிகுந்த முனையில் கொஞ்சம் கதிர் கசிய வேண்டும், இரும்பு அணுக்களின் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடும் தெரிய வேண்டும். குளிர்ந்த கொரோனா என்றால் அந்த முனையில்தான் முதலில் வெறுமை.

சந்திராவால் அந்த 81 நாளை இன்னொரு முறை அப்படியே எடுக்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு என்று திட்டமிட்ட தொலைநோக்கி கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அதன் கேமராவின் முன்னுள்ள வடிகட்டியில் வருடக்கணக்காகப் படிந்த மாசு, ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்களைத் தின்கிறது. 2024-இல் அதன் ஆண்டுச் செலவை 6.8 கோடி டாலரிலிருந்து 4.1 கோடியாகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது வானியலாளர்கள் பெரிதாக எதிர்த்ததற்குக் காரணம், அதே கூர்மையுள்ள வேறொரு எக்ஸ் கதிர்க் கண் மேலே இல்லை என்பதுதான். ஐரோப்பாவின் நியூஅதீனா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 2030-களின் பிற்பகுதிக்கானது. நாசா 2024-இல் ஆய்வுக்குத் தேர்ந்த ஆக்சிஸ் என்ற திட்டம், கூர்மையை அதிகம் இழக்காமல் பல மடங்கு ஃபோட்டான்களைச் சேர்க்க முன்வருகிறது. அதுவரை, ஜேம்ஸ் வெப் அந்த ஆழ்களத்துக்குள் புதிதாகக் காட்டும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்கும், 2016-இல் முடிந்த அந்தப் பதிவுக்குள் போய் அந்த இடத்தில் எத்தனை ஃபோட்டான் விழுந்தது என்று எண்ணிப் பார்ப்பதுதான் நடக்கிறது.